மார்கரின் படாத கட்டைவிரல்

“என் வெண்ணெய்க்குக் கிறிஸ்துமஸும் தெரியாது, நடுக்கோடையும் தெரியாது. வருஷம் பூரா ஒரே பதம். மார்கரின் பட்ட எந்த மெஷினும் அதைத் தொடப்போறதில்ல. மார்கரின் என் நாக்கையும் தொடப்போறதில்ல. வேணும்னா எழுதி வெச்சுக்குங்க!”

1974 ஜனவரியில், டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்தில், ஸ்கல்பி ஊரின் பொது மண்டபத்தில், கூட்டுறவு வெண்ணெய் ஆலையின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று இப்படி முழங்கியவர் ஆலையின் மேனேஜர் வில்லாட்ஸ் ப்ரூன். கடைசி வாக்கியத்தை அவர் ஒரு வேகத்தில்தான் சொன்னார். ஆனால் கூட்டுறவுக்காரர்களிடம் எழுதி வைக்கச் சொன்னால் எழுதிவிடுவார்கள். செயலாளர் பேனாவைத் திறந்து ஒரு எழுத்து விடாமல் பதிவேட்டில் ஏற்றினார். எழுதியதைத் தீர்மானமாக்கிக் கை தூக்கச் சொன்னார்கள். மூன்று பசு வைத்திருப்பவருக்கும் ஒரு கைதான், அறுபது பசு வைத்திருப்பவருக்கும் ஒரு கைதான். அறுபத்து நான்கு கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு இல்லை. ஒருவர் மட்டும் நடுநிலை வகித்தார். அவருடைய இரண்டு கையிலும் கேக் இருந்தது.

மேற்கு யூட்லாந்தில் பெருமையடிப்பதற்குத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. யாருமே செய்யாத குற்றத்துக்குச் சட்டம் எதற்கு? வைக்கோல் கொட்டகை எரிந்து சாம்பலானவர், “நேத்து கொஞ்சம் வெக்கையா இருந்துச்சு” என்பார். ஏழு வருஷம் பின்னால் சுற்றிக் கல்யாணம் செய்துகொண்ட மாப்பிள்ளையிடம் பெண் எப்படி என்று கேட்டால், “அவ்வளவு மோசமில்ல” என்பான். அதைக் கேட்டுப் பெண்ணைப் பெற்றவர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு அந்தப் பக்கத்து மொழியில் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் காப்பிக் கோப்பைகள் அதிர முழங்கினால் அதை இரண்டு தலைமுறை மறக்காது என்பது வில்லாட்ஸுக்குத் தெரியும். தெரிந்துதான் முழங்கினார். அவருக்கு நம்பிக்கை இருந்தது.

நம்பிக்கைக்கு ஆதாரம் அவருடைய வலது கட்டைவிரல். பதினைந்து வயதில் ஆலையில் பீப்பாய் கழுவச் சேர்ந்த நாளிலிருந்து அந்த விரல் வெண்ணெயில் அழுந்தி அழுந்தி, அமுக்கிய மாத்திரத்தில் ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, கடைந்தவன் அன்று காலை பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்பதுவரை சொல்லும் நிலைக்கு வந்திருந்தது. 1961 வெண்ணெய்க் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்ததும் அந்த விரல்தான். நடுவர் குழுத் தலைவர் வெண்ணெயைச் சுவைத்துவிட்டு வானத்தைப் பார்த்து, “அவ்வளவு மோசமில்ல” என்றார். வில்லாட்ஸ் அன்று இரவு தூங்கவில்லை.

இவ்வளவு சுத்தமான வாழ்க்கையில் ஒரே ஒரு கறை. மனைவி கார்லாவின் அண்ணன் ஓலுஃப், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மார்கரின் தொழிற்சாலைக்கு மேனேஜர். எண்ணெயை உறையவைத்து, மஞ்சள் நிறம் ஏற்றி, அதை ரொட்டியில் தடவச் சொல்லும் தொழில். குடும்பத்தில் ஒருவர் சிறைக்குப் போயிருந்தால்கூட வில்லாட்ஸ் தாங்கியிருப்பார். சிறையிலிருந்து ஒரு நாள் வெளியே வந்துவிடுவார்கள். ஓலுஃபோ பதவி உயர்வுக்கு மேல் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே இருபது வருஷமாக ஓலுஃப் வீட்டு விசேஷங்களுக்கு வில்லாட்ஸ் தன் வெண்ணெயைத் தானே கொண்டுபோனார். கால் கிலோ, எண்ணெய்த் தாளில் சுற்றி, கோட்டுப் பையில். எல்லோரும் மேஜையில் உட்கார்ந்ததும் அதை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். ரை தானியத்தின் கறுப்பு ரொட்டியில் அதைத் தடவும் கனம், கடித்தால் பல் பதிந்த தடம் பள்ளமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது ரொட்டியே இல்லை, ஏழ்மை.

“மச்சான், என் வீட்டுல உன்னை யாரும் விஷம் வெச்சுக் கொல்ல மாட்டாங்க” என்பார் ஓலுஃப்.

“மெதுவாக் கொல்றது வேற, உடனே கொல்றது வேற மச்சான்” என்பார் வில்லாட்ஸ்.

ஒரு ஜூன் மாதம், ஓலுஃபின் ஐம்பதாவது பிறந்தநாளில், கோட்டுப் பையிலிருந்த வெண்ணெய் உருகி, கோட்டு, சட்டை, கார் இருக்கை மூன்றையும் நனைத்தது. வருஷம் பூரா ஒரே பதம் என்ற கொள்கைக்கு அது ஒரு சின்ன அடி என்று சாதாரண மனிதர்கள் நினைக்கலாம். வில்லாட்ஸ் தீர விசாரித்து, குற்றம் கோட்டின் மேல்தான் என்று கண்டுபிடித்தார். அது ஜெர்மன் கம்பளி.

இப்போது இயந்திர விஷயத்துக்கு வருவோம். அதுவரை ஸ்கல்பி ஆலை வெண்ணெயைப் பெரிய பெட்டிகளில் அடைத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு சின்ன ஆலையாக நகரத்துப் பெரிய ஆலையோடு சேர்ந்து, புகைபோக்கி அணைந்து, தச்சுப் பட்டறையாக மாறிக்கொண்டிருந்த காலம். ஸ்கல்பிக்கும் நகரத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் நாடு முழுவதும் கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனம், அலுமினியத் தாள் சுற்றிய கால் கிலோக் கட்டிகளாகத் தர முடியுமா என்று கேட்டது. தந்தால் ஆலை பிழைக்கும். இருபத்து மூன்று பேர் வேலையில் இருப்பார்கள். தராவிட்டால் நகரத்துக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதுதான். தருவதற்கு ஒரு பொதி இயந்திரம் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வில்லாட்ஸுடையது.

சந்தையில் இரண்டு வகை இருந்தன. முதல் வகை, வெண்ணெயை நீளக் கட்டியாகத் தள்ளி, கம்பியால் அறுத்து, அறுத்த துண்டின் மேல் தாளைச் சுற்றும். இரண்டாவது வகை, தாளை முதலில் குட்டித் தொட்டியாக மடித்து, அதற்குள் வெண்ணெயை இறக்கி, பிறகு மேலே மூடும். முதல் வகையைச் செய்தது எல்லைக்குத் தெற்கே ஒரு ஜெர்மன் கம்பெனி. இரண்டாவது, உள்நாட்டுத் தயாரிப்பு. பெரும்பாலும் மார்கரின்காரர்கள்தான் வாங்குவார்கள். ஓலுஃபின் தொழிற்சாலையில் அதுதான் ஓடியது.

தேர்வு அத்தோடு முடிந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பிப்ரவரியில், மூன்று பெட்டி சொந்த வெண்ணெயைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஆய்வுக்கூடத் தலைவி தோராவையும் அழைத்துக்கொண்டு, வில்லாட்ஸ் தெற்கே புறப்பட்டார். அடுத்தவன் வெண்ணெயில் இயந்திரத்தைச் சோதிப்பது, அடுத்தவன் காலை அளந்து செருப்பு வாங்குவது மாதிரி என்று தோராவுக்கு வழி நெடுக விளக்கினார். தோரா ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயது, பேசுவதைவிட எழுதி வைப்பதில் விருப்பமுள்ளவள்.

சோதனை ஒரு திருவிழா. இயந்திரம் வெண்ணெயை அறுத்தது, சுற்றியது, மடித்தது, நிமிஷத்துக்கு எழுபது கட்டி தள்ளியது. ஒவ்வொன்றும் செங்கல் போல, மூலை மூலையாக நின்றது. வில்லாட்ஸ் ஒரு கட்டியை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். காதைச் சாய்த்து இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டார். விற்பனையாளர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“அவ்வளவு மோசமில்ல” என்றார் வில்லாட்ஸ்.

பாவம், விற்பனையாளருக்கு மேற்கு யூட்லாந்து மொழி தெரியாது. பதறிப்போய் விலையை உடனே நாலு சதவீதம் குறைத்தார்.

திரும்பி வரும்போது தோரா வாய் திறந்தாள். “மேனேஜர், மே மாசம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமே.”

“எதுக்கு?”

“இது வைக்கோல் தின்ன மாட்டோட வெண்ணெய். மாடுங்க புல்லுக்குப் போனப்புறம் வேற மாதிரி இருக்கும். பதம் பாக்க வெண்ணெயில விடுற என் ஊசி பிப்ரவரியில ஒம்பது மில்லிமீட்டர் இறங்குது, ஜூன்ல பதினேழு இறங்குது. பன்னெண்டு வருஷமா எழுதி வெச்சிருக்கேன்.”

“அதுக்குத்தானே க்ரீமைக் குளிர்காலத்துல ஒரு விதமாவும் கோடையில ஒரு விதமாவும் பக்குவம் பண்றேன்! என் வெண்ணெய் காலண்டர் பாக்கிறதில்ல தோரா.”

“வெண்ணெய் பாக்காது மேனேஜர். மாடு பாக்கும்.”

“உன் ஊசிக்கு நாக்கு இருக்கா? இல்ல, விரல்தான் இருக்கா?”

தோரா மறுபடி பனியைப் பார்த்தாள். மறுநாள் கூட்டுறவுத் தலைவர் லவுஸ்ட்டிடம் போனாள். லவுஸ்ட் நாற்பது பசுவுக்குச் சொந்தக்காரர்; எதையும் முழுசாக நம்பாமலே எழுபது வயதைத் தொட்டவர். அவர் வில்லாட்ஸை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இயந்திரம் ஏப்ரலில் வரலாம், மே கடைசிவரை ஸ்கல்பியில் ஓட வேண்டும், பிடிக்காவிட்டால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

“என்மேல நம்பிக்கை இல்லையா லவுஸ்ட்?” என்று கேட்டார் வில்லாட்ஸ்.

“உன்மேல இருக்கு. எம் மாட்டு மேலதான் இல்ல.”

ஏப்ரலில் இயந்திரம் வந்து இறங்கியபோது வில்லாட்ஸ் ஆலை முற்றத்தில் கொடி ஏற்றினார். அரசிக்கும் பிறந்தநாள்காரர்களுக்கும் மட்டுமே ஏறும் கொடி. நான்கு வாரம் இயந்திரம் கொடிக்குத் தகுந்தபடி நடந்துகொண்டது. காலையில் கட்டிகள் வரிசையாக வருவதை, அணிவகுப்பைப் பார்வையிடும் ராணுவத் தளபதி போல் அவர் நின்று பார்ப்பார். கடை நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் மே இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. நூற்றைம்பது கட்டி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நிறுத்துப் பார்ப்பார், பிரித்துப் பார்ப்பார், மேஜையில் இரண்டு நாள் விட்டும் பார்ப்பார்.

மே எட்டாம் தேதி மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த மாடுகள் புல்லைக் கண்டதும் நாலு காலையும் தூக்கிக் குதிக்கும். ஊரே வேலிக்கு வெளியே நின்று, காப்பி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். வில்லாட்ஸும் பார்த்தார், சிரித்தார். லவுஸ்ட்டின் கிழட்டுப் பசு ஒன்று கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியபோது கைதட்டினார்.

ஒரு வாரத்தில் அந்தத் துள்ளல் வெண்ணெய்க்குள் வந்து சேர்ந்தது.

நிறம் சாமந்தி மஞ்சளாயிற்று. வாசம் அருமை, ருசி அதைவிட அருமை. ஆனால் கம்பி அறுத்த கட்டி, தாள் வந்து சேருவதற்குள் ‘எதற்கு அவசரம்’ என்பதுபோல் இடுப்பைத் தளர்த்திச் சாய்ந்தது. தாள் சுற்றியபோது மூலைகளில் பிதுங்கியது. செங்கல்கள் தலையணைகளாயின. மறுநாள் தலையணைகளுக்கு எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டது. ஒன்று இருநூற்று முப்பது கிராம், அடுத்தது இருநூற்று எழுபது.

வில்லாட்ஸ் முதலில் தாளைச் சந்தேகித்தார். பிறகு மின்சாரத்தை. பிறகு தரை சமமாக இல்லையோ என்று இரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஜெர்மனியிலிருந்து மெக்கானிக் வந்தார். இயந்திரம் கச்சிதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கசிந்த ஒரு கட்டியை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டுப் போனார். வெண்ணெயை இன்னும் குளிரவைத்துப் பார்த்தார்கள். வெளியே இறுகி, உள்ளே உதிர்ந்து, அறுத்த இடத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கண்ணீர் வடித்தது. வெண்ணெய்க்காரன் வாழ்க்கையில் பார்க்கக் கூடாத காட்சி அது.

தோரா தன் குறிப்பேட்டில் ‘17’ என்று எழுதி, பக்கத்தைத் திறந்தபடியே அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மதியம் வீட்டில், வில்லாட்ஸ் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கார்லா உருளைக்கிழங்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“வியாழக்கிழமை அந்த ஆளுக்கு எதைக் காட்டப்போற?”

“யோசிக்கிறேன்.”

“எங்கண்ணன் மெஷின்ல ஓட்டிப் பாரேன்.”

“கார்லா, அது பதிவேட்டுல இருக்கு.”

“அப்ப பதிவேட்டுத் தாள்லதான் வெண்ணெயைச் சுத்தணும். நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அவங்க எதை எழுதியிருப்பாங்க?”

“உங்கண்ணன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். இருபத்து மூணு பேரு வேலைக்குப் போகட்டும். நான் போன் பண்றேன்.”

“நான் சரின்னு சொல்லலியே.”

“நேத்தே பண்ணிட்டேன்” என்றாள் கார்லா. “நாளைக்குப் பத்து மணி. பின்பக்கக் கதவு.”

ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை. பால் வேனில் நாற்பத்தைந்து கிலோ வெண்ணெயோடு வில்லாட்ஸும் தோராவும் போய் இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமலிருக்க வில்லாட்ஸ் காட்டுப் பாதையாகச் சுற்றி வந்தார். அந்தப் பாதையில் எதிர்ப்பட்ட ஒரே மனிதர், மகளைப் பார்த்துவிட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த லவுஸ்ட். அவர் வேனைப் பார்த்தார், வேன் போகும் திசையைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஓலுஃப் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சிரிக்கவில்லை. அதுதான் வில்லாட்ஸுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

“வா மச்சான். ரெண்டு தடவை வெந்நீர் விட்டுக் கழுவியாச்சு.”

“மூணாவது தடவை?”

“அதை உன் கையால கழுவுவேன்னு விட்டு வெச்சேன்.”

வில்லாட்ஸ் மூன்றாவது தடவை கழுவினார். உள்ளே போகிறவர்கள் தலையில் தொப்பி போட வேண்டும் என்பது அங்கே விதி. இருந்தது மார்கரின் கம்பெனித் தொப்பிதான். நெற்றியில் பெரிய சூரியகாந்திப் பூ. தோரா அவரைப் பார்த்துவிட்டு, உடனே ஒரு அளவுமானியைப் பார்க்க ஆரம்பித்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“வெண்ணெயும் மார்கரினும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு சட்டம். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஆபத்து” என்றார் வில்லாட்ஸ்.

“விக்கவா போறோம்? மாதிரிதானே. ஆன் பண்ணட்டுமா?”

முதல் இருபது முப்பது கட்டிகள் அளவு பிடிக்கும்வரை வீணாயின. பிறகு இயந்திரம் புரிந்துகொண்டது. தாள் மடிந்து தொட்டியாக நின்றது. மே மாத வெண்ணெய், குதித்து ஆடிய அத்தனை மாடுகளின் வெண்ணெய், அதற்குள் சாவதானமாக இறங்கி நான்கு மூலைக்கும் தானே போய் உட்கார்ந்தது. மேலே தாள் மூடியது. சாய்வதற்கு இடமில்லை; சுற்றிலும் சுவர். பிதுங்குவதற்கு மூலையில்லை; எல்லா மடிப்பும் மேலே. தோரா ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். “இருநூத்தம்பது. இருநூத்தம்பத்தொண்ணு. இருநூத்தம்பது.”

வில்லாட்ஸ் ஒன்றை எடுத்தார். கட்டைவிரலை மூலையில் வைத்து அழுத்தினார். காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். ஓலுஃப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் மச்சானை இருபது வருஷமாகத் தெரிந்தவர் என்பதால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவு மோசமில்ல” என்றார் வில்லாட்ஸ்.

ஓலுஃபுக்கு அந்த மொழி தெரியும். காது சிவந்துவிட்டது.

வெண்ணெய் தீர்ந்தபோது, நல்ல கட்டிகள் சரியாக நூற்றைம்பது. தோரா அவற்றை எண்ணிப் பெட்டியில் அடுக்கி வேனில் ஏற்றினாள். இயந்திரம் செய்யும் கம்பெனி ஆறு வாரத்தில் புதியது ஒன்றைத் தரும் என்று ஓலுஃப் சொன்னார். ஆர்டர் படிவம் ஒன்றும் எடுத்து வைத்திருந்தார். வில்லாட்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். தீர்மானத்தை மாற்ற இன்னொரு கூட்டம் கூட்ட வேண்டும். அறுபத்து நான்கு கைகளுக்கும் அவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவருக்கு அதில் பயமில்லை; கட்டி சாயவில்லை, ஆலை சாயாது.

“சாப்பிட்டுப் போ” என்றார் ஓலுஃப்.

தொழிலாளர் உணவறையில் கறுப்பு ரொட்டி இருந்தது, ஈரல் விழுது இருந்தது, காப்பி இருந்தது. மேஜை நடுவில் சூரியகாந்திப் பூப் போட்ட டப்பா ஒன்றும் இருந்தது. வில்லாட்ஸின் கை வழக்கப்படி கோட்டுப் பைக்குள் போனது. காலி. ஆலையைக் காப்பாற்றும் அவசரத்தில், இருபது வருஷத்தில் முதல் முறையாகத் தன் கால் கிலோவை எடுத்துவர மறந்திருந்தார். வெளியே வேனில் அவருடைய வெண்ணெய் நூற்றைம்பது கட்டி இருந்தது. ஒன்றைப் பிரித்தால் வியாழக்கிழமை நூற்று நாற்பத்தொன்பது.

தோரா எழுந்து, வேனைப் பூட்டினோமா என்று பார்த்துவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பூட்டியது அவள்தான்.

ஓலுஃப் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மழை வருமா என்று ஆராய்ந்தார். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. வெகு நேரம் ஆராய்ந்தார்.

பின்னால் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கத்தி ரொட்டியில் போய் வரும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையும்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார் வில்லாட்ஸ், ஜன்னலைப் பார்த்திருந்த முதுகிடம்.

“இருக்கலாம்” என்றது முதுகு.

வில்லாட்ஸ் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார். பல் தடம் பள்ளமாக, ஒழுங்காகப் பதிந்திருந்தது. மீதியைத் தின்று முடித்தார். பிறகு சூரியகாந்தித் தொப்பியை நெற்றியிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு, இரண்டாவது துண்டு ரொட்டியை எடுத்து, முதலில் தடவியதைவிடக் கனமாகத் தடவத் தொடங்கினார்.